பதினொரு மணி அறிக்கை

முன்பெல்லாம் வியாழக்கிழமை பின்னேரங்களில் என் வாய்க்கு நல்ல வேலை இருந்தது. கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவேன். எங்கள் பிரிவில் நடக்கும் வேலையெல்லாம் ஒரு பலகையில் இருக்கும். கணினித் திரையில் தெரிகிற பலகைதான், கான்பான் பலகை என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. செய்ய வேண்டியவை இடப்பக்கம், செய்துகொண்டிருப்பவை நடுவில், அதற்கடுத்துச் சரிபார்ப்பு, முடிந்தவை வலப்பக்கக் கடைசியில். வேலை நகர நகர அட்டையையும் இழுத்து அடுத்த பத்தியில் விட வேண்டும் என்பது சட்டம். மனிதர்கள் விடமாட்டார்கள். வேலையை முடிப்பார்கள், அட்டையை மறந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அதனால்தான் நான் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, இது முடிந்துவிட்டதா, அது ஏன் அசையாமல் கிடக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாயே அதனாலா என்று கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பக்கத்தில் நிலை அறிக்கை எழுதி மேலே அனுப்புவேன்.

சோலோதுர்னில் இருக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. முதியோர் இல்லங்களில் யார் காலை வேலைக்கு வருவது, யார் இரவு வேலைக்கு வருவது என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும் மென்பொருள் செய்கிறோம். நான் மென்பொருள் எழுதுகிறவள் இல்லை. திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயருக்குக் கீழே போட்டிருக்கும். அது என்ன வேலை என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், "மற்ற ஆக்கள் வேலை செய்யினமோ எண்டு பாக்கிற வேலை" என்று என் கணவர் விளக்கம் கொடுப்பார். முழுப் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அப்படியிருக்க, லோசானில் உள்ள தலைமை அலுவலகம் ஓர் ஏஐ ஏஜென்டை வாங்கி எல்லாப் பிரிவுகளுக்கும் கொடுத்தது. அது பலகையைத் தானே வாசிக்கும், அறிக்கையைத் தானே எழுதும், எழுதியதைத் தானே லோசானுக்கு அனுப்பும். ஒவ்வொருவருடைய வேலைக்குப் பக்கத்திலும் போக்குவரத்து விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் போடும். எத்தனை மணிக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சொன்னால் போதும்.

எங்கள் பிரிவுத் தலைவர் சோலோதுர்னிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர். எனக்கு வந்த கரைச்சலே அதுதான்; கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆறியிருப்பேன். இந்த ஊர்க்காரருக்குப் பதினொன்று என்ற எண்ணில் ஒரு பைத்தியம் உண்டு. தேவாலயங்களைப் பதினொன்று என்று எண்ணிச் சொல்வார்கள், நீரூற்றுகளையும் அப்படியே. பன்னிரண்டு இல்லாமல் பதினொன்றோடு நின்றுவிடும் மணிக்கூடு ஒன்றுகூட ஊர் நடுவில் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை பதினொரு மணி. சாப்பாட்டுக்கு முன்னால் நான் வாசித்துவிடலாம். எங்கள் ஊருக்கு அதிர்ஷ்டமான எண் வேறு" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அடுத்த வியாழக்கிழமை நான் என் மேசையிலேயே இருந்து சூடாகக் கோப்பி குடித்தேன். சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எங்கள் பிரிவில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வந்த புதிதில் என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். நான் தமிழில் பதில் சொன்னதும், என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு ஒரு நிமிடம் முழித்தார். பிறகு பழகிவிட்டது. நான் ஓம் என்று சொல்லும்போதெல்லாம், "மந்திரம் ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?" என்று பகிடி பண்ணுவார். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போடுவதை நான் பகிடி பண்ணுவேன்.

அவருக்கு இங்கே குறுகிய கால எல் விசாதான் இருந்தது. எங்களுடைய ஆட்களைப் போல அகதியாக வந்து, இருந்து, கடைசியில் பாஸ்போட் எடுத்த கதை இல்லை அது. வேலை இருக்கும் வரைதான் இருப்பு. நிறுவனம் ஒப்பந்தத்தை நீடித்து, மாநிலத்துக்கு விண்ணப்பம் எழுதினால் இருக்கலாம். எழுதாவிட்டால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். மகள் அந்த வருடம்தான் கிண்டர்கார்டன் போகத் தொடங்கியிருந்தாள். சில மாதத்திலேயே ஊர் ஜெர்மன் அவள் வாயில் தண்ணீர்பட்டபாடு. கடையில் அப்பாவுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாள். ஒப்பந்தம் கோடை முடிவில் தீருகிறது, வசந்தத்தில் முடிவு சொல்வார்கள் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்க்க வேண்டுமா, இங்கேயே அடுத்த வருடத்துக்கு விடலாமா என்பதுதான் அந்த வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு.

வேலையில் கெட்டிக்காரர். அவர் முடித்துக் கொடுத்தது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. வாரம் முழுக்கச் செய்கிற வேலையை அன்றன்றைக்கு மூடமாட்டார். எல்லாவற்றையும் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்து, வெள்ளிக்கிழமை காலை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்து, மதியச் சாப்பாடு முடிந்து வந்த பிறகு ஒவ்வொன்றாக 'முடிந்தது' என்ற பத்தியில் கொண்டுபோய் விடுவார். நான் அறிக்கை எழுதிய காலத்தில் இது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வியாழக்கிழமை அவருடைய மேசையில் போய் நின்று, "முடிஞ்சுதோ தம்பி?" என்பேன். "முடிஞ்சுதுங்க்கா. நாளைக்கு மதியம் மூவ் பண்ணிடறேன்" என்பார். நான் முடிந்தது என்று எழுதிவிடுவேன்.

ஏஜென்ட் யாருடைய மேசைக்கும் போய் நிற்பதில்லை.

முதல் வாரங்களில் அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் விழுந்தது. புது இயந்திரம், பழகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு சிவப்பு. "இந்த வாரத்தில் முடிக்கப்பட்ட அட்டைகள் இல்லை. கடந்த வாரங்களிலும் இதே நிலை" என்று ஜெர்மனில் வெகு மரியாதையாக எழுதியிருந்தது. நான் பலகையைத் திறந்தேன். அவருடைய அட்டைகள் வலப்பக்கப் பத்தியில் வரிசையாக அடுக்கியிருந்தன. கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏஜென்டோடு கதைக்க ஒரு பெட்டி இருக்கிறது, அதில் கேட்டேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. தவறுக்கு வருந்துகிறேன். சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது. மனிதர்களில் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டவரை நான் கண்டதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சிவப்பு. மறுபடி கேட்டேன். மறுபடி முற்றிலும் சரி, மறுபடி வருத்தம், மறுபடி நன்றி.

பிறகுதான் இருந்து யோசித்துப் பார்த்தேன். அதற்கு ஒரு வாரம் என்பது திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எழுதுகிறது. அப்படியென்றால் வெள்ளி பதினொரு மணிக்குப் பிறகு செய்ததெல்லாம் இந்த வார அறிக்கையிலும் வராது, அடுத்த வார அறிக்கையிலும் வராது. அந்தப் பின்னேரம் எந்த வாரத்துக்கும் சொந்தமில்லாமல் நடுவில் கிடந்தது. தம்பி தன்னுடைய முழு வார உழைப்பையும் கொண்டுபோய் ஒவ்வொரு முறையும் அதற்குள்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

திருத்துவது லேசு என்று நினைத்தேன். வாரத்தின் தொடக்கத்தை மாற்றினால் போதும். ஆனால் அந்த அமைப்பைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை, லோசானில்தான் செய்ய வேண்டும். எழுதிக் கேட்டேன். அவர்கள் என் கோரிக்கையை ஓர் அட்டையாக்கித் தங்கள் பலகையில் இடப்பக்கக் கடைசியில் போட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய ஏஜென்ட் எனக்கு நிலை அறிக்கை அனுப்பியது. என் கோரிக்கை வரிசையில் இருக்கிறது என்பதுதான் நிலை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு நாள் பத்து மணி இடைவேளையில் தம்பியைக் கூப்பிட்டு, கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"அதனாலதான் சிவப்பாங்க்கா? நான் என்னமோ கோடிங்ல தப்புன்னு நெனச்சு ரெண்டு வாரமா ராத்திரி தூங்கலைங்க்கா."

"வியாழக்கிழமையே மூடி விடுங்கோவன். ஏன் வெள்ளி மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

அவர் கோப்பையைக் கழுவினார். கழுவி முடித்த கோப்பையை இன்னொரு தரம் கழுவினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்க்கா. சின்ன வயசுல இருந்து எதை முடிச்சாலும் வெள்ளிக்கிழமைதான். பரீட்சை ஃபாரம், பேங்க் லோன், எல்லாமே. ஆனா பத்தரை டு பன்னெண்டு ராகு காலம். அதுல எப்படிங்க்கா மூடறது?"

பதினொரு மணி அதிர்ஷ்டம் என்று ஒருவர் நேரம் குறிக்கிறார். அதே பதினொரு மணியில் எதையும் தொடக்கூடாது என்று இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். நடுவில் ஓர் இயந்திரம் இருவரையும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

"தம்பி, ராகுவுக்கு ஆர் இஞ்ச விசா குடுத்தது? இஞ்ச சூரியன் வாற நேரமே வேறையெல்லோ. அந்தக் கணக்குப்படி பாத்தால் ராகு காலமும் மாறவேணும்."

"அம்மா சொன்ன டைமுங்க்கா. அத மாத்தறதுக்கு எனக்கு மனசு வராது."

எனக்குக் கோபம் வந்தது. அவருடைய பிள்ளையின் பள்ளிக்கூடம் தொங்கிக்கொண்டு நிற்கிறது, இவர் ராகுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வீட்டுக்குப் போய் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் வெங்காயம் வெட்டியபடியே கேட்டுவிட்டு, "புது வீட்டுத் திறப்பு வாங்கப் போகேக்க, காருக்குள்ள இருந்து பன்னெண்டு மணி அடிக்கும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தது ஆர்? நீரோ நானோ?" என்றார். நான்தான். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை; ராகு காலம் முடிந்த பிறகுதான் சாவியை வாங்கினேன்.

அடுத்த நாள் தம்பியே என்னிடம் வந்தார். மனைவியோடு பேசியிருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முன்னால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறேன் என்றார். வியாழக்கிழமையே மூடலாமே என்று நான் மீண்டும் சொன்னேன். வெள்ளி காலை ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் மூடி, ஏதாவது பிழை வந்துவிட்டால் அதுவும் சேர்ந்துகொள்ளுமே என்றார். அதுவும் நியாயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அவருடைய மேசை நேராகத் தெரியும் இடத்தில்தான் வேலை. அவர் காலை முழுக்கச் சோதனை ஓட்டினார். முடிய நேரமாகிவிட்டது. பத்தரை தாண்டியது. நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கண்ணை மூடி நெற்றியில் விரலை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வலப்பக்கம் விட்டார். என் திரையில் அவை நகர்வது எனக்குத் தெரிந்தது. கடைசி அட்டையை விட்டதும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போட்டால் என்ன என்று இருக்கிறது.

பதினொரு மணிக்கு அறிக்கை வந்தது. "அறிக்கை நேரத்துக்குச் சற்று முன்பாக, ஒரே நபர் மிகக் குறுகிய நேரத்தில் பல அட்டைகளை மூடியிருக்கிறார். இது வழக்கத்துக்கு மாறானது. வேலை உண்மையில் சரிபார்க்கப்பட்டதா என்று உறுதிசெய்யப் பரிந்துரைக்கிறேன்." வட்டம் சிவப்பு. பக்கத்தில் புதிதாக ஓர் ஆச்சரியக்குறி.

அவர் அதை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஊர் நடுவே ஓடும் ஆரே என்ற ஆற்றின் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, "பாத்தீங்களாக்கா" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அந்த நேரத்தில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது போல இருந்தது. அவர் நம்பியதை நானும் ஏஜென்டும் சேர்ந்து நிரூபித்துக் கொடுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை நான் பிரிவுத் தலைவரிடம் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: வாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அந்தப் பின்னேரம் எப்படி விழுந்து காணாமல் போகிறது. பலகையைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், தலையை ஆட்டினார். இங்கே அலுவலகத்தில் பெரியவர் சின்னவர் எல்லாரும் ஒருவரையொருவர் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படித்தான்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் ஏன் வெள்ளி மதியம் மட்டும் மூடுகிறான்?"

சொன்னால் மூடநம்பிக்கைக்காரன் என்று நினைப்பாரோ? சொல்லாவிட்டால் சோம்பேறி என்று நினைப்பாரோ? சொல்லிவிட்டேன். சுபநேரம், கெட்ட நேரம் என்று என் ஜெர்மனில் என்னவெல்லாமோ விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டார்.

"மதம் சார்ந்த தேவை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இரண்டாம் மாடியில் அமைதி அறை இருக்கிறது. அவனுக்காகத் திறந்துவிட்டிருப்பேன்."

அமைதி அறை. நான் அதற்கு நன்றி சொன்னேன்.

"அப்படியென்றால் பழைய அறிக்கைகளைத் திருத்தலாமா?" என்று கேட்டேன்.

"அனுப்பியதைத் திருத்த முடியாது. அது ஆவணம். நான் உன்னை நம்புகிறேன், அது வேறு விஷயம். ஆனால் லோசானில் ஒரு இடத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள். நீ சொன்னதையெல்லாம் எழுதிப் பலகையில் போடு. அடுத்த அறிக்கையில் ஏஜென்ட் அதையும் சேர்த்துக்கொள்ளும்."

எழுதினேன். இரண்டு நாள் வேலை முடிந்து வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். என் ஜெர்மனில் பிழை இருக்கக்கூடாது என்று பெரியவள், என் மகள், பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தவள், வாசித்துத் திருத்தித் தந்தாள். ஒரு முழுப் பக்கம். தம்பி முடித்த வேலைகள் எவை, எந்த இல்லங்கள் அதை இப்போது பாவிக்கின்றன, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பது, ஏன் அறிக்கையில் தெரியவில்லை என்பது, எல்லாம் எழுதி அவருடைய அட்டைகளில் குறிப்பாகப் போட்டேன். போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஏஜென்ட் என் பக்கத்தை வாசித்தது. வாசிக்கவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. அறிக்கையின் அடியில் ஒரு வரி இருந்தது. "ஒருங்கிணைப்பாளர் இந்த மதிப்பீட்டுடன் முழுமையாக உடன்படவில்லை." அதற்கு மேலே, தன்னுடைய பழைய அறிக்கைகளையே ஆதாரமாகக் காட்டி, "தொடர்ச்சியாகக் குறைந்த முன்னேற்றம்" என்று எழுதியிருந்தது. போன வாரம் தானே சொன்னதை இந்த வாரம் யாரோ பெரியவர் சொன்னது போல எடுத்துக் காட்டியது. அந்தப் பெட்டியைத் திறந்து நான் என்னவோ எழுதத் தொடங்கினேன். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்று அது சொல்லப் போவது ஞாபகம் வந்தது. மூடிவிட்டேன்.

வசந்தத்தில் முடிவு வந்தது. ஒப்பந்தம் நீடிக்கப்படாது. பிரிவுத் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கண் கலங்கித்தான் சொன்னாராம். "பாவங்க்கா அவரு, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ற மாதிரி ஆயிடுச்சு" என்று தம்பி என்னிடம் சொன்னார். வேறு வேலை தேட அவருக்கு இருந்த நாட்களுக்குள் கிடைக்கவில்லை. எல் விசாவோடு ஓர் ஆளை எடுக்க யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை.

இங்கே வேலையை விட்டுப் போகிறவர்தான் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும். அவர் மனைவி மைசூர்பாகு செய்து கொடுத்திருந்தார். சுவிஸ்காரர் ஒவ்வொருவரும் இதில் எவ்வளவு வெண்ணெய் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு இரண்டாவது துண்டையும் எடுத்தார்கள். மனைவியும் மகளும் கடைசி நேரத்தில் வந்தார்கள். சின்னவள் என்னிடம் வந்து, ஊர் ஜெர்மனில், கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்திலும் த்ஸ்னூனி உண்டா என்று கேட்டாள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் கரட்டும் அப்பிளும் கொண்டுபோய் வட்டமாக இருந்து சாப்பிடுவது, அதைத்தான் கேட்டாள். ஓம், இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் வேலையை விட்டுப் போன வாரத்தில் அவருடைய கணக்கை மூடினார்கள். கணக்கு இல்லாதவருடைய அட்டைகள் உரிமையாளர் இல்லாமல் நிற்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். அமைப்பு அவற்றைத் தானாகவே ஒருங்கிணைப்பாளர் பெயருக்கு மாற்றிவிட்டது. அவர் வந்த நாளிலிருந்து முடித்த அத்தனை அட்டைகளும், அவற்றில் நான் எழுதிய குறிப்பும் சேர்த்து, என் பெயருக்கு வந்து சேர்ந்தன. நான் அதைக் கண்டேன். அந்த நேரம் அதைப் பற்றி யோசிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

பிறகு காலாண்டு அறிக்கை வந்தது. அதையும் ஏஜென்ட்தான் எழுதியது. ஆனால் அது வாரவாரமாகப் பார்ப்பதில்லை. தொடக்க நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே நீட்டாகப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் வெள்ளி மதியங்கள் எங்கும் விழுவதில்லை. எல்லாம் இருந்தது. எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். இந்தக் காலாண்டில் அதிகமான வேலைகளை முடித்தவர், ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வராதவர், ஆரம்பம் முதல் கடைசிவரை பச்சை. என் பெயரைச் சொன்னார்.

எல்லாரும் மேசையில் தட்டினார்கள். இங்கே கைதட்டுவதற்குப் பதிலாக அப்படித்தான் செய்வார்கள். மேசை முழுக்க விரல் முட்டிகள். நான் எழுந்து, இது என் வேலை இல்லை, அவருடைய வேலை, எனக்கு மென்பொருளில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது, உங்கள் எல்லாருக்கும் அது தெரியும் என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினார்கள். பிரிவுத் தலைவர் என் தோளைத் தொட்டு, "யாரும் தனியாக ஒன்றையும் சாதிப்பதில்லை" என்றார். லோசானுக்கு ஏற்கனவே அனுப்பியாகிவிட்டது. அதையும் திருத்த முடியாது.

போன வாரம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு இருக்கிறதாம். சுவிஸில் ஒரு வருடம் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது கையில் இருந்தால் நல்லது என்கிறார்களாம். "உங்க வார்த்தை எனக்குப் போதுங்க்கா, ஆனா அவங்களுக்கு கம்பெனி ரிப்போர்ட்தான் வேணுமாம். நான் செஞ்சதெல்லாம் வர்ற மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்தா அனுப்புங்க்கா. பாப்பா உங்களைக் கேட்டா."

வாராந்த அறிக்கைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் அவர் பெயர் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பு வட்டம் இருக்கிறது. அவர் கடைசிக் காலாண்டில் செய்ததெல்லாம், ஒன்று தவறாமல், இன்ன இல்லத்துக்கு இன்ன வேலை என்று விபரமாக இருக்கிற அறிக்கையும் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வரியிலும் என் பெயர். நான் செய்தியை வாசித்துவிட்டேன் என்பதை வாட்ஸ்அப்பின் நீலச் சரிக்குறி அவருக்கு அப்போதே காட்டியிருக்கும். இன்னும் பதில் எழுதவில்லை.